ஒன்பதாம் நம்பர் வீட்டின் நீளம்

கட்டிலில் இருந்து வாசலுக்குப் பதினாலு தப்படி இருந்த ஒன்பதாம் நம்பர் வீடு, ஆவணி பிறந்து மூன்றாம் நாள் இருபத்தொரு தப்படி ஆகி, புரட்டாசிக்குள் நூறைத் தாண்டி, கார்த்திகை வரும்போது, வாசலில் நின்று கூப்பிட்டால் கட்டிலில் கிடக்கிறவளுக்குக் கேட்பதற்குள் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிடலாம் என்கிற அளவுக்கு நீண்டுபோனது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோவில்பட்டியில் ஒரே தெருவாசலுக்குள் பன்னிரண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கிற எங்கள் வளவில், எட்டுக்கும் பத்துக்கும் நடுவே அது பழையபடி ஒடுங்கித்தான் இருந்தது. சுவரும் நகரவில்லை, ஓடும் விரியவில்லை. உள்ளே காலை வைத்தால்தான் தெரியும். தப்படி போட்டு எண்ணிச் சொன்னது நான்தான். வளவு வாசலில் டீக்கடை போட்டிருக்கிற ஜெயக்கொடி பொய் சொல்ல மாட்டாள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாதவர்களுக்கு என் கடையில் டீ கிடையாது.

அந்தக் கட்டிலில் கிடந்தவள் மாரீஸ்வரி. கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை, ஓயாத வாய், யார் வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுகிற மூக்கு. புருஷன் காளிராஜ் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். ஒரே பிள்ளை தன்ஷிகா, ஐந்து வயது, யூகேஜி. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் எழுந்திரிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, யாரோடும் சண்டை இல்லை. "என்னட்டி செய்யுது?" என்றால், "ஒண்ணும் செய்யலக்கா, வாசல் ரொம்பத் தூரமா இருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தோம். மறைக்க என்ன இருக்கிறது, நினைத்தோம். டீ கொண்டுபோன நான் தப்படியை எண்ணிப் பார்த்த பிறகுதான், அவள் சொன்னது அத்தனையும் நிஜம், வாசல் தூரமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தது. குலதெய்வக் குறை என்றார்கள் சிலர், கண்ணேறு என்றார்கள் சிலர். காரணம் தேடினவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

வீடு நீண்டுவிட்டது என்றால் நீண்டுவிட்டது, அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்க முடியுமா? மைக்செட் போடுகிற சுடலைமணி, கோவில் கொடைக்குக் கட்டுகிற சீரியல் விளக்கு செட்டைக் கொண்டுவந்து சுவர் நெடுக மாட்டிவிட்டதால் உள்ளே பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. ஐப்பசி அடைமழையில் பன்னிரண்டு வீட்டுத் துணியும் அங்கேதான் காய்ந்தது, ஒரே கொடியில், முதல் சேலைக்கும் கடைசிச் சட்டைக்கும் நடுவே கால் மைல். சர்க்கரைக்காரர்கள் காலையில் வாக்கிங் போக அங்கே வந்தார்கள், நாய்த் தொல்லை கிடையாது, வெயில் கிடையாது, ஆனால் மாரீஸ்வரி கண் அசந்திருந்தால் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தேன். நகராட்சியில் இருந்து அளக்க வந்தவர் டேப்பை விரித்துக்கொண்டே போய், மத்தியானம் வியர்த்து வழியத் திரும்பி வந்து, வெளியே நின்று பத்தடிக்கு நாற்பதடி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துத் தெரு சேவியர் தன் ஆட்டோவை உள்ளே விட்டு, வாசலுக்கும் கட்டிலுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அந்த வாசல் நிலைக்குள் ஆட்டோ எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள், கண்ணாடியை மடக்கினால் நுழைந்தது.

எங்கள் வளவுக்கு ஒரு பழக்கம் உண்டு. படுத்துவிட்டவர்களைத் தங்கள் தம்ளரைத் தாங்களே எடுக்க விட மாட்டோம். அது பெரிய பாவம் மாதிரி. மாரீஸ்வரிக்கும் அப்படியே செய்தோம். மூன்று வேளை டீ நான், காலைச் சாப்பாடு மூன்றாம் நம்பர், மத்தியானம் ஏழாம் நம்பர், தலைவாரி விட ஒருத்தி, குளிக்க வெந்நீரை ஆட்டோவில் ஏற்றி அனுப்ப ஒருத்தி, ரேஷன் கடைக்காரர்கூடக் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு கட்டில் வரைக்கும் வந்து விரலை வைத்து வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக் கொடுக்க வீடு நீண்டது. மார்கழியில் நாலாயிரத்துச் சொச்சம் தப்படி. டீ ஆறிப்போகிறதே என்று பாதி வழியில் இன்னொரு அடுப்பு போட்டு உள்ளே ஒரு கிளையே திறந்தேன். கொடுக்கிறதும் நீளுகிறதும் ஒன்றோடு ஒன்று பிணைந்தது என்று ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை. எனக்கும்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா படுத்ததில் இருந்து என்னோடேயே இருந்த தன்ஷிகா ஆட்டோவில் போய் அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "ம்மா, ஒண்ணாப்புக்கு நீதான் கூட்டிட்டுப் போகணும். ஜெயக்கொடி ஆச்சி வந்தாலும் போமாட்டேன், அப்பா வந்தாலும் போமாட்டேன்."

மாரீஸ்வரி, "சரிட்டி" என்றாள்.

பிள்ளை போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சரின்னு சொல்லிட்டேனேக்கா. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்திருவாங்களே. அந்த வாசலப் பாருங்க, தீப்பெட்டி கணக்கா இருக்கு. நான் எப்பிடிப் போயிச் சேருவேன்?"

அவ்வளவுதானே என்று மறுநாளே நாங்கள் நாலு பேர் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். சேவியர் முறுக்கினான். காலையில் கிளம்பினவர்கள் உச்சிப்பொழுது வரைக்கும் ஓடினோம், சீரியல் விளக்கெல்லாம் சரசரவென்று பின்னால் போகிறது, முன்னால் அந்தத் தீப்பெட்டி மட்டும் தீப்பெட்டியாகவே நிற்கிறது. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம் பாருங்கள், நாலே நிமிஷத்தில் கட்டில் வந்துவிட்டது. சேவியர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "யக்கா, இந்த ரூட்டு எனக்கு வேண்டாம்க்கா" என்றான்.

மாசி மாதம், வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் பிளாரன்ஸ். ஆட்டோவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு எங்களிடம், "இதுக்குப் பேரு மனச்சோர்வு. சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய்தான். திட்டாதீங்க" என்றார். டாக்டரைப் பார்க்க வாசலைத் தாண்ட முடியாதவளுக்கு, வாசலைத் தாண்ட வேண்டாத ஒரு வைத்தியம் இருக்கிறதாம்: பத்து வாரம், வாரம் ஒரு பாடம் செல்போனில் திறக்கும், படித்துவிட்டு மனதில் பட்டதை எழுத வேண்டும், எழுதினதைப் படித்து ஓர் ஆலோசகர் பதில் போடுவார். கேபிள்காரர் இரண்டு நாள் வயரை இழுத்து இழுத்து, கட்டில் காலில் கொண்டுபோய் இன்டர்நெட்டைக் கட்டினார்.

அந்த ஆலோசகர் பெயர் வான்மதி. எந்த ஊர், என்ன வயசு, ஒன்றும் தெரியாது. மனுஷியா மிஷினா என்பதே வளவில் பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. இப்போதெல்லாம் மிஷினே பதில் போடுகிறது என்றாள் ஏழாம் நம்பர். நான்தான் மாரீஸ்வரியிடம், "சாப்பிட்டீங்களான்னு கேளுட்டி, தெரிஞ்சுபோகும்" என்றேன். கேட்டாள். மறுநாள் பதில் வந்தது: "சாப்பிட்டேன். உப்புமா. அடி பிடிச்சிருச்சு, மேலாப்புல எடுத்துச் சாப்பிட்டேன்." மனுஷிதான் என்று முடிவானது.

முதல் வாரம் மாரீஸ்வரி எழுதினது ஒரே வார்த்தை: "தெரியல." இரண்டாம் வாரம் ஒரு பக்கம் எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். "முகத்தப் பாத்தா நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிருவேன்க்கா. உங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். முகம் இல்லாததுனால உள்ளத எழுத முடியுது." எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் டீ கொண்டுபோன முகம் என்னுடையது.

மூன்றாம் பாடத்தில், ஒரு நாளில் உங்களுக்காக யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தது. எழுதினாள், எழுதினாள், விரல் வலிக்கிற வரைக்கும் எழுதினாள். வான்மதி ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டாள்: "இதுல ஒண்ணே ஒண்ணை நீங்களே செஞ்சுக்கலாம்னா, எதைச் செய்வீங்க?"

மாரீஸ்வரி யோசித்து எழுதினது, "டீ. பத்துத் தப்படி நடந்து போயி வாங்கிக்கிடுவேன்."

அதை அவள் வாசித்துக் காட்டியதும் எனக்கு வந்ததே கோபம்! படுத்துக் கிடக்கிறவளை டீக்கு நடக்க விடுவதா? நாலு பேர் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? "நான் சொல்லுதத அப்பிடியே எழுதுட்டி" என்று உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வளவில் அந்தப் பழக்கம் இல்லை, உடம்புக்கு முடியாதவளை நடக்க வைத்து வேடிக்கை பார்க்கிற சாதி நாங்கள் இல்லை, உப்புமாவையே தீய்க்கிற பிள்ளை எனக்கு யோசனை சொல்ல வேண்டாம் என்று எல்லாம் எழுத வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "ஜெயக்கொடி அக்காவுக்கு வணக்கம். உங்க டீயைப் பத்தி மாரீஸ்வரி நிறைய எழுதியிருக்காங்க. நாலாயிரம் தப்படி தாண்டி நீங்க கொண்டுபோறீங்க. பத்துத் தப்படி அவங்க நடந்து வந்து வாங்குற அளவுக்கு அது நல்ல டீயா இருக்குமா?"

என் டீயையா கேட்கிறாள்! அன்றைக்கே பாதி வழியில் இருந்த அடுப்பைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கட்டிலில் இருந்து பத்தாவது தப்படியில் வைத்தேன்.

முதல் நாள் ஏலக்காய் தட்டிப் போட்டு டீயை ஆற்றி, தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள், என்னையே பார்த்தாள், மறுபடியும் படுத்தாள். டீயில் ஆடை படிந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று என் கால் பரபரத்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன், அந்த ஆறிப்போன தம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது மாதிரி ஒரு வேலை செய்ததில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன், அவரவர் இடத்தில் நின்றே அழுதோம். நாலாம் நாள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு தப்படி வந்தாள். அங்கேயே நின்றாள். திரும்பிப் போய்விட்டாள். "ஏழுதான் முடிஞ்சுது" என்று எழுதினதற்கு, "நேத்து எத்தனை?" என்று மட்டும் வான்மதி கேட்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பத்தையும் நடந்து வந்து என் கையில் இருந்து தம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மிக்கா" என்றாள். குறை சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வரவில்லை, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுநாள் வாசலில் இருந்து எண்ணிக்கொண்டே போனால், கணக்கில் நூறு தப்படி குறைகிறது! மறுபடி எண்ணினேன், குறைகிறது. அவள் தானாக வைக்கிற ஒவ்வொரு தப்படிக்கும் வீடு பத்தைத் திருப்பிக் கொடுத்தது.

விஷயம் தெரிந்ததும் வளவு தலைகீழாக மாறிவிட்டது. கொடுத்தே பழகினவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நம்பர் இட்லித் தட்டோடு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலைவாரி விடுகிறவள் சீப்பை மட்டும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். வடக்கே இருந்து திரும்பி வந்த காளிராஜ், பெண்டாட்டி தானாக வெந்நீர் வைக்கிறதைப் பார்த்துப் பதறிப்போய் எழுந்தான், நான் ஓர் அதட்டுப் போட்டதும் உட்கார்ந்துகொண்டான். என் அடுப்பு வாரத்துக்கு நாலைந்து தப்படி வாசல் பக்கமாக நகர்ந்தது. வாக்கிங் வருகிற சர்க்கரைக்காரர்கள், வரவர நடக்க இடமே இல்லாமல் போகிறது என்று முணுமுணுத்தார்கள். "ரோட்டுல போயி நடங்க" என்று விரட்டினேன்.

எட்டாம் வாரம், ஒரு காரணமும் இல்லாமல், அவள் எழுந்திரிக்கவில்லை. வீடு ஒரே நாளில் ஆயிரம் தப்படியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. செல்போனில் படிக்காத பாடத்துக்குச் சிவப்புப் புள்ளி வருமாம்; அதைப் பார்க்கப் பயந்துகொண்டு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. நாலாம் நாள் போனை எடுத்து, "தோத்துட்டேன் மேடம். எம்பிள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று எழுதினாள். வான்மதியின் பதிலை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "பாடம் எங்கயும் போகாது, அப்படியே இருக்கட்டும். ஏழு தப்படி நடந்த அன்னைக்கு நீங்க எனக்கு எழுதினது உங்க போன்லயே இருக்கு. அதை எடுத்துப் படிங்க."

தேடி எடுத்தாள். அவளே எழுதினது, அவளே மறந்துபோனது. "ஏழுதான் முடிஞ்சுது. தரை சில்லுன்னு இருந்துச்சு. எனக்குக் கால் இருக்குன்னு தெரிஞ்சுது." இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தாள். அப்புறம் காலைத் தரையில் வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் நான் எண்ணினபோது வீடு நாற்பத்தொரு தப்படி. முப்பதுக்கு மேல் அவள் ஒரே மூச்சில் நடந்ததில்லை. வளவு மொத்தமும் வாசலில் கூடிவிட்டது. புது யூனிபார்ம், இரட்டைச் சடை, முதுகைவிடப் பெரிய பை, தன்ஷிகா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். முதல் மணி ஒன்பது பத்துக்கு. மாரீஸ்வரி குளித்துப் புடவை மாற்றி, தலையைத் தானே வாரிக்கொண்டு கிளம்பினாள். பத்து. இருபது. முப்பதில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை.

"பதினோரு தப்படிதானக்கா, ஒரு தூக்குத் தூக்கிருவோம்" என்று சேவியர் உள்ளே காலை வைத்தான்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

"ம்மா, நான் உள்ள வரட்டா?" என்றாள் தன்ஷிகா.

"வேண்டாம்ட்டி. அங்கயே நில்லு. நான் வாரேன்."

கட்டில் மேல் கிடந்த போனில் டிங் என்று ஏதோ வந்தது. மாரீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையை ஊன்றி எழுந்தாள். முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு என்று யாரோ எண்ண ஆரம்பிக்க, வளவே சேர்ந்து எண்ணினது. முப்பத்தெட்டில் அவள் "சத்தம் போடாதீங்க, எனக்குக் கணக்கு விட்டுப்போகுது" என்று அதட்டினாள், எல்லோரும் கப்பென்று வாயை மூடினோம். நாற்பத்தொன்றாம் தப்படி நிலைக்கு வெளியே விழுந்தது. வெயில் சுள்ளென்று அவள் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை நீட்டினாள், பிள்ளை பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அம்மாவும் மகளும் முன்னால் போக, கொஞ்சம் இடம் விட்டுப் பின்னால் நாங்கள், காளிராஜ், சேவியர், இட்லித் தட்டோடு மூன்றாம் நம்பர், எல்லோரும் சப்பரத்துக்குப் பின்னால் போகிற மாதிரிப் போனோம். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. மணி அடிக்கவும் கேட்டுக்கு வந்து சேரவும் சரியாக இருந்தது. மாரீஸ்வரி குனிந்து, பிள்ளை கன்னத்தைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தன்ஷிகா, யூகேஜியில் கூடப் படித்த பிள்ளை ஒருத்தியை உள்ளே பார்த்துவிட்டாள். கையை உதறினாள். "ஏய் பிரதிக்ஷா!" என்று கத்திக்கொண்டு, பை முதுகில் குதிகுதியென்று குதிக்க ஒரே ஓட்டம். போனவள் போனவள்தான். திரும்பவே இல்லை.

இதற்காகவா நாலாயிரம் தப்படியைக் கடந்து வந்தாள்? மூன்றாம் நம்பர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாரீஸ்வரி நீட்டின கை நீட்டினபடி நின்றாள்.

"திரும்பிக்கூடப் பாக்கலக்கா" என்றாள் என்னிடம். "பாத்தீங்களா, சிறுக்கி, திரும்பிக்கூடப் பாக்கல!" சொல்லும்போதே உதடு கோணியது, அழப் போகிறாள் என்று நான் ஓடினேன், அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளைப் பார்த்துக் காளிராஜ் சிரித்தான், அப்புறம் நாங்கள் எல்லோருமே சிரித்தோம், வாட்ச்மேன் வந்து சத்தம் போடுகிற வரைக்கும் சிரித்தோம்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவையைச் சரி செய்துகொண்டு, வந்த வழியைப் பார்த்தாள். "வாங்கக்கா, போவோம். நாளைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே கெளம்பணும், கேட்டுல ரொம்பக் கூட்டமா இருக்கு" என்றாள்.

அவள் வாயில் இருந்து நாளைக்கு என்று கேட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருக்கிறேன், உங்களோடு நின்றுகொண்டிருந்தால் என் பிழைப்பு என்ன ஆவது என்று எல்லோரையும் திட்டிக்கொண்டே முன்னால் நடந்தேன்.